பதினேழா, பதினாறா? கொழும்பு வீதிகளுக்கு ஒரு டயர் தெரிவு

சென்ற ஒக்டோபர் மாதத்தில், மழை ஓய்ந்த ஒரு மாலையில், பேஸ்லைன் வீதியில் தண்ணீர் நிறைந்து சமதளம்போலத் தெரிந்த ஒரு குழிக்குள் என் காரின் முன் இடது சில்லு இறங்கி ஏறியது. சத்தம் பெரிதாகக் கேட்டதே தவிர வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை. ஆகவே நிறுத்தாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் டயரின் பக்கச் சுவரில் அரை எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. வெள்ளவத்தையில் நான் வழக்கமாகப் போகும் டயர் கடைக்காரர் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "சேர், உள்ளுக்கு நூல் அறுந்திட்டுது. இது ஒட்டுற வேலை இல்லை" என்றார். அந்த டயர் ஓடியது 14,000 கிலோமீற்றர்தான்; தவாளிப்பு, அதாவது வீதியைத் தொடும் பகுதியிலுள்ள பள்ளக் கோடுகள், பாதிகூடத் தேய்ந்திருக்கவில்லை. இரண்டு வருடத்துக்குள் இதே காரில் பக்கச் சுவர் பழுதாகி நான் கழற்றிய மூன்றாவது டயர் அது. மற்ற மூன்றும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருந்தபடியால், இம்முறை ஒன்றை மட்டும் வாங்கிப் பூட்டாமல் நான்கையும் ஒன்றாக மாற்றுவதென்றும், அதற்கு முன் இருக்கும் வழிகளை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்ப்பதென்றும் தீர்மானித்தேன். அந்த ஒப்பீடுதான் இது.

என் கார் பாவித்த நிலையில் வாங்கிய ஜேர்மன் கார். அதில் இருந்தது 225/45 ஆர்17 அளவு; அதுவும் உயர்செயற்றிறன் வகை, அதாவது கடைகளில் நாம் ஸ்போர்ட் டயர் என்று கேட்டு வாங்குவது. இதே காருக்கு உற்பத்தியாளரே அங்கீகரித்த இன்னோர் அளவு 205/55 ஆர்16 என்று சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த எண்களில் முதலாவது டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது பக்கச் சுவரின் உயரம், அகலத்தின் நூற்றுவீதமாக. கடைசியாக வருவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் பார்த்தால் 17 அங்குல டயரின் பக்கச் சுவர் 101 மில்லிமீற்றர் உயரம், 16 அங்குல டயரின் பக்கச் சுவர் 113 மில்லிமீற்றர் உயரம். முழுச் சில்லின் வெளிவிட்டமோ இரண்டிலும் ஏறக்குறைய 63 சென்ரிமீற்றர்தான். வித்தியாசம் அரை வீதத்துக்கும் குறைவு என்பதால் வேகமானி பிழையாகக் காட்டாது. ஆகவே என் முன்னால் இருந்த தெரிவு வெறுமனே எந்தக் கொம்பனி என்பதல்ல. 17 அங்குலத்தில் மீண்டும் ஸ்போர்ட் டயர், 17 அங்குலத்திலேயே சொகுசுக்காகச் செய்யப்பட்ட கம்ஃபர்ட் டயர், ரிம்மையும் மாற்றி 16 அங்குலத்துக்கு இறங்குவது என்ற மூன்று வழிகளில் ஒன்றை எடுக்கவேண்டியிருந்தது.

ஸ்போர்ட் டயர்களைப் பற்றி வாசிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓட்டியவர்கள் எழுதியது. அவர்களுடைய கேள்விகள் நம்முடையவை அல்ல. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே போகும்போது கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும் என்று அவர்கள் கவலைப்படுகிறார்கள். எல்லாப் பருவத்துக்குமான டயரை வாங்குவதா, குளிர்காலத்துக்கு வேறு நான்கு டயர்களை வைத்திருப்பதா என்று விவாதிக்கிறார்கள். கொழும்பில் விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஜனவரியில் நுவரெலியாவுக்குப் போகும் ஓரிரு நாட்களைத் தவிர, அந்த விவாதத்துக்கு இங்கே இடமே இல்லை. கோடைக்கான ரப்பர் நமக்கு வருடம் முழுவதும் பொருந்தும். அதேபோல, பந்தயப் பாதையில் எத்தனை வினாடியில் ஒரு சுற்று முடிந்தது என்ற அளவீடும் நமக்கு உதவாது. நகருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70, அதிவேகப் பாதையில் ஆகக்கூடியது 100 என்பதே நம் சட்டம் தரும் வேக எல்லை. டயரில் எழுதப்பட்டிருக்கும் வேகக் குறியீடு வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 கிலோமீற்றர் வரை தாங்கும் என்று பொருள். காலி வீதியில் அந்த எழுத்தைப் பார்த்து டயர் வாங்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அப்படியென்றால் ஸ்போர்ட் டயர் கொழும்பில் வீண் என்று உடனே சொல்லிவிடலாமா? என் அத்தான் அப்படித்தான் சொல்கிறார். தெஹிவளையிலிருந்து கோட்டைக்குத் தினமும் 15 அங்குலச் சில்லுகளுள்ள ஜப்பானிய ஹைபிரிட் காரில் போய்வருபவர் அவர். "தம்பி, முப்பதிலை ஊருற ரோட்டிலை உனக்கு ஏன் இந்த டயர்?" என்று என் ஒவ்வொரு டயர் செலவின்போதும் கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதில் மழை சேர்க்கப்படவில்லை.

கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்றோடு ஒரு சுற்று, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ மழையாக இன்னொரு சுற்று, இவை தவிர ஏப்ரல் பிற்பகல்களில் இடியோடு கொட்டும் மழை. பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில், வீதியில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் கரைந்து ஒரு மெல்லிய வழுக்குப் படலமாகிவிடும். மரைன் டிரைவில் கடற்காற்று கொண்டுவந்து போடும் மணலும் இதோடு சேரும். நகர ஓட்டத்தில் டயரின் தரம் உண்மையாகவே சோதிக்கப்படும் இடம் வளைவு அல்ல. ஈரமான வீதியில் திடீரென்று பிரேக்கை அழுத்தவேண்டி வரும் அந்த ஒரு கணம்தான். முன்னால் போகும் முச்சக்கரவண்டி கையைக் காட்டாமலே திரும்பும்போதோ, பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வீதிக்கு இறங்கும்போதோ அது வருகிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஈர வீதியில் ஒரு டயரின் பிடிப்பைக் காட்டும் உராய்வுக் குணகம் 0.8 என்றும் இன்னொன்றினுடையது 0.6 என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து முதல் டயரில் ஏறக்குறைய 12.3 மீற்றரில் நிற்கும். இரண்டாவது டயரில் 16.4 மீற்றர் எடுக்கும். வித்தியாசம் நான்கு மீற்றர், ஒரு சிறிய காரின் நீளம். ஆனால் நீளத்தைவிட முக்கியமானது வேறொன்று. முதல் கார் முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 25 கிலோமீற்றர். அதாவது தொடக்க வேகத்தில் பாதி. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னாலுள்ள பாதசாரிக் கடவையில் ஒரு மனிதரை 25 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவதற்கும் மோதாமல் நிற்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, டயரில் மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அறவே போய்விட்டது.

நல்ல ஸ்போர்ட் டயர்கள் இந்த இடத்தில் உண்மையாகவே சிறந்தவை. மிஷலின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா, யொக்கோஹாமா அட்வான் ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1 போன்ற வரிசைகள் உலர்ந்த வீதியின் பிடிப்புக்காகவே பெயர்பெற்றிருந்தாலும், நமக்கு அவை தரும் பெரிய பயன் ஈரப் பிடிப்புத்தான். இதற்குக் காரணம் ரப்பரின் கலவை. முன்பு டயர் ரப்பரை வலுப்படுத்தக் கரித்தூளையே பெரும்பாலும் பாவித்தார்கள். 1990களிலிருந்து அதில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்க்கும் முறை பரவியது. 1992இல் மிஷலின் சிலிக்கா கலந்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது அதில் ஒரு திருப்பம். ஈரத்தில் பிடிப்புக் கூடும் அதே வேளையில் உருளும்போது வீணாகும் சக்தியும் குறையலாம் என்பதை அது காட்டியது. (ஆசியாவின் முதல் ரப்பர் கன்றுகள் 1876இல் நாட்டப்பட்டது கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில். ஆனால் இன்றைய காரின் டயரில் வீதியைத் தொடும் பகுதி பெருமளவு செயற்கை ரப்பர். நம் மரங்களின் பாலுக்குப் பக்கச் சுவரிலும் லொறி டயரிலும்தான் கூடுதல் இடம்.) இந்தச் சிலிக்காக் கலவை ஸ்போர்ட் டயருக்கு மட்டும் உரிய இரகசியமாக இப்போது இல்லை. மிஷலின் பிறைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா, கொன்டினென்டல் அல்ட்ராகொன்டாக்ட் போன்ற கம்ஃபர்ட் வரிசைகளிலும் அது இருக்கிறது. ஈரத்தில் நிற்கும் தூரத்தைப் பொறுத்தவரை, நல்ல ஸ்போர்ட் டயருக்கும் நல்ல கம்ஃபர்ட் டயருக்கும் இடையிலுள்ள இடைவெளி சிறியது. இவை இரண்டுக்கும் பெயர் தெரியாத மலிவு டயருக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் பெரியது. என் ஒப்பீட்டின் திசையை மாற்றியது இந்த ஒரு விடயம்.

கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபல் ஒட்டிய டயர்களில் ஈரப் பிடிப்பு ஏ முதல் ஈ வரை தரப்படுத்தப்பட்டிருக்கும். 2021 முதல் நடைமுறையிலுள்ள புதிய லேபல் இது. அதில் ஏ அல்லது பீ இல்லாத எதையும் நான் பரிசீலிக்கவில்லை. லேபல் இல்லாவிட்டால், அமெரிக்க முறைப்படி பக்கச் சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் ஈர நிறுத்தக் குறியைப் பார்க்கலாம். அதில் ஆக உயர்ந்தது இரட்டை ஏ, அடுத்தது ஏ. அதன் பக்கத்திலுள்ள 300, 340, 400 போன்ற எண் தேய்மானத்தைக் குறிப்பது; கூடிய எண் கூடிய ஆயுள். ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு உற்பத்தியாளரும் தாமே சோதித்து இடுவதால், ஒரே கொம்பனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டுமே அதை நம்பலாம்.

இனி, என் மூன்று டயர்களைக் கொன்ற விடயத்துக்கு வருகிறேன். ஒரு குழியின் ஓரத்தில் சில்லு மோதும்போது, டயர் நசுங்கி, அதன் பக்கச் சுவர் குழியின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல மடிகிறது. உள்ளேயிருக்கும் பொலியெஸ்டர் நூல்கள் அங்கே அறுகின்றன. வெளி ரப்பர் கிழியாமல் நூல் மட்டும் அறுந்தால், காற்றின் அழுத்தத்தில் அந்த இடம் வெளியே தள்ளப்பட்டு வீக்கமாகத் தெரியும். அதன்பின் அந்த டயர் எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. எனவே, குழியைத் தாங்கும் சக்தியைத் தீர்மானிப்பது முதலில் சுவரின் உயரம். அந்த உயரத்திலும் கீழ்ப்பகுதியில் சுமார் 17 மில்லிமீற்றரை ரிம்மின் விளிம்பு பிடித்துக்கொள்கிறது. நசுங்குவதற்கு மிச்சமிருப்பதுதான் கணக்கு. 225/40 ஆர்18 டயரில் அது ஏறக்குறைய 73 மில்லிமீற்றர், என் 17 அங்குல டயரில் 84, 16 அங்குலத்தில் 96. மேலோட்டமாகப் பார்த்தால் இந்த எண்களின் வித்தியாசம் சிறியது. ஆனால் 18 அங்குலத்திலிருந்து 16 அங்குலத்துக்கு வரும்போது நசுங்க இருக்கும் இடம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடுகிறது.

கொழும்பில் குழி என்பது வீதி பழுதடைந்ததால் வந்த பள்ளம் மட்டுமல்ல. நீர்க்குழாய்க்காகத் தோண்டி, மூடி, பின் தாழ்ந்துபோன பட்டைகள். வீதி மட்டத்துக்கு மேலேயோ கீழேயோ நிற்கும் மேன்ஹோல் மூடிகள். நாரஹேன்பிட்டி, நுகேகொடைப் பக்கத்துப் புகையிரதக் கடவைகள். வர்ணம் அழிந்துபோய் இரவில் தெரியாத வேகத்தடைகள். ஆமர் வீதியில் மழைத் தண்ணீருக்குள் மறைந்துகிடக்கும் அனைத்தும். இவற்றில் பலவற்றை நெரிசலில் விலகிப் போகவும் முடியாது, ஏனெனில் இடப்பக்கம் முச்சக்கரவண்டியும் வலப்பக்கம் பஸ்ஸும் நிற்கும். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் நண்பர் ஒருவர் ஒரு வருடத்தில் இரண்டு ரிம்களைத் தட்டி நிமிர்த்தியிருக்கிறார். அவருடைய 18 அங்குல டயர்களில் பிடிப்புக்குக் குறைவில்லை, ஓட்டத்தில் குறைவில்லை, ஸ்டியரிங் விரலசைவுக்குத் திரும்புகிறது என்று அவர் மனமாரப் புகழ்கிறார். ஆனால் மனைவியும் பிள்ளைகளும் அந்தக் காரில் ஏற விரும்புவதில்லை. பின் ஆசனத்தில் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடமும் முதுகில் தெரிகிறதாம்.

இதே இடத்தில்தான் 17 அங்குலத்திலேயே கம்ஃபர்ட் டயருக்கு மாறும் வழி பலவீனமாகிறது. அதைச் சிலர் நடுவழி என்று சொல்லி எனக்குப் பரிந்துரைத்தார்கள். ரிம் மாற்றும் செலவு இல்லை. சத்தம் குறையும், ஆயுள் கூடும், சுவர் சற்று இளக்கமாக இருப்பதால் சிறு அதிர்வுகள் உள்ளே வருவது குறையும். எல்லாம் உண்மை. ஆனால் சுவரின் உயரம் அதே 101 மில்லிமீற்றர்தான். பேஸ்லைன் வீதிக் குழி அதையும் அதே மாதிரி மடக்கும். ஸ்போர்ட் டயரின் இறுகிய சுவரைவிட இளகிய சுவர் இன்னும் சுலபமாக ரிம்மோடு மோதவும்கூடும். சத்தமே பிரச்சினையாக இருக்கும் ஒருவருக்கு இது நல்ல வழி. வீக்கம் பிரச்சினையாக இருக்கும் எனக்கு இது பாதி வைத்தியம்.

மூன்றாவது வழியான 16 அங்குலத்துக்கு எதிராகவும் சில வாதங்கள் உண்டு, அவற்றை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவது, எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. முன் பிரேக் தட்டு பெரிதாக உள்ள கார்களில் 16 அங்குல ரிம் பிரேக்கின் மேல் உரசும். உற்பத்தியாளர் தந்த அட்டவணையில் அந்த அளவு இல்லாவிட்டால் இந்த எண்ணத்தையே விட்டுவிடவேண்டும். இரண்டாவது, சுமை எண். என் பழைய டயரில் 91 என்று இருந்தது, ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள். 205/55 ஆர்16 அளவிலும் 91 கிடைப்பதால் எனக்குச் சிக்கல் இல்லை. கனமான கார்களுக்கு 94 அல்லது அதற்கு மேல் வேண்டிவரலாம், அதைக் குறைப்பது ஆபத்து. மூன்றாவது, ஸ்டியரிங்கின் கூர்மை. உயரமான சுவர் சற்றே அசைந்துகொடுக்கும். திருப்பியவுடன் கார் திரும்புவதில் ஒரு சிறு தாமதம் இருக்கும். ஓட்டுவதை விரும்புகிறவருக்கு இது இழப்புத்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

இவற்றுக்கு எதிரே வைக்கக்கூடிய இலாபங்கள் குழியோடு முடிவதில்லை. 225க்குப் பதிலாக 205 என்னும்போது டயர் ஒடுங்கியதாகிறது. ஒடுங்கிய டயர் தண்ணீரைப் பிளந்து வீதியைத் தொடுவதற்கு அகலமான டயரைவிட வசதியானது. அதிவேகப் பாதையில் இது முக்கியம். தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தை மதிப்பிட, விமானச் சில்லுகளை வைத்து 1960களில் நாசா ஆய்வாளர்கள் கண்ட ஒரு சூத்திரம் உண்டு. அது டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு தொடர்புடையது. அதைக் காருக்கு ஒரு பருமட்டான வழிகாட்டியாக எடுத்தால், 36 பீஎஸ்ஐ அழுத்தத்தில் மிதக்கும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். 25 பீஎஸ்ஐக்கு இறங்கினால் 83. நமது அதிவேகப் பாதையின் எல்லை 100 என்பதை நினைத்துப் பாருங்கள். தவாளிப்பு ஆழமாக இருந்தால் தண்ணீர் வெளியேற வழி கிடைத்து இந்த எல்லை உயரும். தேய்ந்து போனால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். தவாளிப்புக்குள் இருக்கும் தேய்மானக் குறி 1.6 மில்லிமீற்றரில் தெரியும். மழைநாட்டில் அதுவரை காத்திருக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் நான் மாற்றிவிடுவேன்.

அதிவேகப் பாதையைப் பற்றிச் சொல்லும்போது, என் அலுவலகத்தில் ஒருவருடைய அனுபவத்தை இங்கே வைக்கவேண்டும். அவர் வேலை காரணமாகக் கிழமையில் இரண்டு தடவை கொட்டாவையிலிருந்து காலி வரை தெற்கு அதிவேகப் பாதையில் ஓடுபவர். அவருடைய கார் கனமானது, சில்லு 18 அங்குலம், டயர் முதல்தரமான ஸ்போர்ட் வகை. வெலிப்பென்னைப் பக்கத்தில் திடீரென்று கொட்டிய மழையில், தனக்கு முன்னால் போன கார் தண்ணீரில் ஆடியதையும், தன் கார் கோட்டை விட்டு விலகாமல் வேகம் குறைந்ததையும் அவர் சொன்னபோது, அவர் மிகைப்படுத்தவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவருடைய பயணத்தில் குழி குறைவு, வேகம் கூட, மழை அதே அளவு. அவருக்கு ஸ்போர்ட் டயர் ஆடம்பரம் அல்ல. என்னுடைய ஓட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு வெள்ளவத்தைக்கும் மருதானைக்கும் இடையில். சராசரி வேகம் இருபதைத் தாண்டாது. ஒரே நகரத்தில் இருந்தாலும் நாங்கள் இருவரும் ஒரே டயரை வாங்குவது பொருத்தமில்லை.

காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவர் கனமாக்கப்பட்டிருப்பதால், காற்று முற்றாகப் போன பின்னும் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாமல் சுமார் 80 கிலோமீற்றர் தூரம் போகலாம். நகருக்குள் இரவு நேரத்தில் இது பெரிய நிம்மதி. ஆனால் சவாரி கல்லுப்போல இருக்கும், உதிரிச் சில்லு வைக்க இடமில்லாத கார்களிலேயே இவை பெரும்பாலும் வருகின்றன. யாழ்ப்பாணம் போகும் குடும்பம் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் அகப்பட்டால், அந்த 80 கிலோமீற்றர் ஒரு பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே அதே அளவில் ரன்ஃப்ளாட் டயர் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. சாதாரண டயரும் டிக்கியில் ஒரு முழு உதிரிச் சில்லும் அந்தப் பயணத்துக்குப் பாதுகாப்பானவை.

பாவித்த டயர்களை நான் பரிசீலிக்கவே இல்லை. பார்வைக்குத் தவாளிப்பு நிறைய இருக்கலாம், ஆனால் உள்ளே நூல் எங்கே அறுந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. புதிய டயரிலும் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துவரிசையின் இறுதி நான்கு இலக்கங்கள் தயாரித்த கிழமையையும் வருடத்தையும் சொல்லும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. நம் வெப்பத்தில் களஞ்சியத்தில் கிடந்தே ரப்பர் இறுகிவிடும். ஐந்து வருடம் கழிந்தால் வருடாவருடம் சோதிக்கச் சொல்லியும், பத்து வருடத்தில் தேய்மானம் எப்படியிருந்தாலும் கழற்றச் சொல்லியும் பெரிய உற்பத்தியாளர்களே அறிவுறுத்துகிறார்கள். உள்ளூரில், களனியில் செய்யப்படும் சியட் டயர்களைச் சிறிய கார்களுக்குப் பூட்டி மனநிறைவோடு ஓடுகிறவர்கள் என் உறவினரிலும் உண்டு. 15 அங்குலம், அதற்குக் கீழே என்றால் அவற்றையும் சேர்த்தே ஒப்பிடவேண்டும் என்று நினைக்கிறேன். புதிதாகச் செய்த டயர் கையில் கிடைப்பது சிறிய நன்மை அல்ல.

செலவைப் பற்றிச் சொல்வதானால், நான்கு டயரின் விலையை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பிழையான கணக்கு. நான் கடைசியாக வாங்கிய ஸ்போர்ட் டயர்கள் தேய்ந்து முடிந்திருந்தால் 30,000 கிலோமீற்றராவது ஓடியிருக்கும். ஆனால் அவற்றில் எதுவும் தேய்ந்து முடிய இந்த வீதிகள் விடவில்லை. 14,000 கிலோமீற்றரில் வீக்கம் கண்டு கழற்றும் டயரின் உண்மையான விலை, கடையில் கொடுத்த விலையின் இரண்டு மடங்கு. அதோடு, ஒன்று போனால் அதே அச்சிலுள்ள மற்றதையும் மாற்றவேண்டும், ஏனெனில் புதியதும் தேய்ந்ததுமாக ஒரே அச்சில் பூட்டினால் ஈரத்தில் இரண்டும் ஒன்றுபோலப் பிடிக்காது. இந்தக் கணக்கைப் போட்டதும், பாவித்த 16 அங்குல அலோய் ரிம்கள் நான்கை வாங்கும் செலவு, இன்னும் இரண்டு ஸ்போர்ட் டயர்களை இழப்பதற்குச் சமம் என்று தெரிந்தது. ரிம் வாங்கும்போது பஞ்சிகாவத்தையில் ஒவ்வொன்றையும் சுழற்றும் இயந்திரத்தில் போட்டுக் காட்டச் சொன்னேன். ஐந்தில் ஒன்று ஆடியது. அதைத் தள்ளிவிட்டு மற்ற நான்கையும் எடுத்தேன்.

ஆகவே என் தெரிவு 16 அங்குலம், 205/55, ஈரப் பிடிப்பு ஏ தரமுள்ள கம்ஃபர்ட் டயர். 16 அங்குலத்திலும் ஸ்போர்ட் வகை தேடினால் கிடைக்கும், அதை வாங்கவும் யோசித்தேன். ஆனால் ஈரத்தில் கிடைக்கும் சிறிய மேலதிக இலாபத்துக்காகச் சத்தத்தையும் விரைவான தேய்மானத்தையும் ஏற்க என் ஓட்டம் கேட்கவில்லை. தினமும் அதிவேகப் பாதையில் ஓடுகிறவர் என்றால், அல்லது காரின் பாரமும் வலுவும் என்னுடையதைவிடக் கூடியவை என்றால், ஸ்போர்ட் டயரையே எடுங்கள். ஆனால் காருக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவுகளில் ஆகச் சிறிய ரிம்மில் எடுங்கள். 17ஐ 18 ஆக்கி அழகு பார்க்கும் ஆசையை மட்டும் இந்த நகரத்தில் யாருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பூட்டுவதிலும் கவனம் வேண்டும். முன்பு ஒருதடவை ஒரு கடையில் என் நான்கு டயர்களில் ஒன்றை உள்பக்கம் வெளியே வரும்படி பூட்டிவிட்டார்கள். சமச்சீரற்ற தவாளிப்புள்ள டயரில் வெளிப்பக்கம் எது என்று சுவரிலேயே எழுதியிருக்கும்; வெளிப்பக்கத் தொகுதி வளைவுக்கும் உள்பக்கத் தவாளிப்பு தண்ணீருக்கும் என்று வகுத்துச் செய்யப்பட்டது அது. இரண்டு மாதமாக மழையில் கார் ஒரு பக்கம் இழுப்பதன் காரணம் தெரியாமல் வீல் அலைன்மென்ட் திரும்பத் திரும்பச் செய்தேன். இம்முறை ஒவ்வொரு டயரும் ரிம்மில் ஏறும்போது பக்கத்தில் நின்று வாசித்துப் பார்த்தேன். காற்றழுத்தத்தையும் காலையில், ஓடுமுன், கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கே வைக்கிறேன். டயரின் வெப்பம் ஐந்தாறு பாகை கூடும்போது அழுத்தம் ஒரு பீஎஸ்ஐ கூடும் என்பதால், வெயிலில் ஓடிவந்து எரிபொருள் நிலையத்தில் பார்க்கும் எண் சரியானதல்ல. சூட்டில் கூடிக் காட்டுகிறது என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயர் குறைந்த அழுத்தத்தோடு குழியில் இறங்கும்.

புதிய டயர்களில் ஏழு மாதம் ஓடியிருக்கிறேன். மே மாத மழையும் வந்து போனது. பேஸ்லைன் வீதியில் அதே குழி தற்காலிகமாக மூடப்பட்டு மறுபடியும் திறந்திருக்கிறது. இரண்டு தடவை அதில் விழுந்தும் டயரில் ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கில் முன்பிருந்த அந்த உடனடிப் பதிலை இன்றும் தேடுகிறேன், குறிப்பாக இரவில் வெறுமையாக இருக்கும் மரைன் டிரைவில். பழைய 17 அங்குல ரிம்கள் நான்கையும் விற்கவில்லை. சாக்கில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். வேலை காலிப் பக்கம் மாறினால், அவற்றுக்கு ஸ்போர்ட் டயர் வாங்கி மீண்டும் பூட்டுவேன்.